ஒன்றரைச் சுற்றுத் தளர்வு

தளர்ந்த நட்டைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. இது திறமையா வியாதியா என்று கம்பெனியில் கேட்டால் ஒரு பதில் வரும், என் மனைவியிடம் கேட்டால் வேறு பதில் வரும். இருபத்திரண்டு வருடமாக நான் லிஃப்ட் மெக்கானிக். நான் முறுக்கிய நட்டு தானாகக் கழன்றது என்று இன்றுவரை ஒருவனும் வாய் திறந்ததில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நட்டை முறுக்கியதும் நட்டின் மேலும் ராடின் மேலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். அடுத்த முறை போகும்போது கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். கோடு விலகியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது அதுவாக ஆடியிருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன்னால் லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கட்டி நிறுத்தியிருந்த, லிஃப்ட் ஓடும் தண்டவாளத் துண்டு ஒன்று நழுவி நேராக என் வலது கணைக்காலில் வந்து இறங்கியது. அதைக் கட்டியவன் நான் இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் உள்ளே சீழ் பிடித்து, கடைசியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் அம்மா குள்ளம். பேச்சு மட்டும் எக்ஸ்பிரஸ். என் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பென்சிலால் தட்டினார்.

"இதுல ஆறு சென்டிமீட்டர் எலும்பு செத்துப் போச்சு. அதை வெட்டி எடுத்துடுவேன். முட்டிக்குக் கீழ நல்ல எலும்பைக் குறுக்க அறுத்து, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்னு கீழ இறக்குவோம். பின்னாடி விடுற இடைவெளியில புது எலும்பு வளர்ந்துகிட்டே வரும். இறங்குற துண்டு கீழ இருக்கிற துண்டோட வந்து சேரும்."

"எலும்பை இறக்குறதா? என்ன மேடம், லிஃப்டா?"

"லிஃப்டுதான். ஆனா மெதுவா போற லிஃப்ட். ஒரு மாடி இறங்க ரெண்டு மாசம் ஆகும். தாங்குவீங்களா?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது. சரி என்றேன்.

மயக்கம் தெளிந்து பார்த்தபோது என் காலைச் சுற்றி நான்கு எஃகு வளையங்கள். வளையத்திலிருந்து வளையத்துக்கு ராடுகள். வளையத்திலிருந்து தோலுக்குள் போய் எலும்பைத் துளைத்து மறுபக்கம் வெளியே வரும் கம்பிகள். எங்கு பார்த்தாலும் நட்டு. நான் எண்ண ஆரம்பித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, நர்சரிப் பள்ளி டீச்சர், தலையில் அடித்துக்கொண்டாள்.

"கால் இருக்கான்னு பாப்பீங்கன்னு நெனச்சேன். நட்டை எண்ணிட்டு இருக்கீங்களே!"

ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் சுற்று என்று குறிப்பிட்ட நட்டுகளை நான்தான் திருகினேன். ஒரு வேளை தவறவில்லை. எலும்பு இறங்கியது, பின்னால் புகை மாதிரி புது எலும்பு தெரிந்தது, அது மாதக்கணக்கில் வெளுத்துக் கெட்டியானது. டாக்டர் அம்மா மற்ற நோயாளிகளை அழைத்து வந்து என்னைக் காட்டினார். "இவர மாதிரி இருக்கணும்" என்றார். எனக்குத் தலைக்கனம் ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

எட்டாவது மாதம் ஃப்ரேமை, அதாவது அந்த வளையக் கூட்டை, தளர்த்தும் நாள் வந்தது. வளையங்களைப் பொருத்துவதும் கழற்றுவதும் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டெக்னீஷியன்தான். வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் ஸ்பானர் இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் ஸ்பானர் அண்ணன். அன்று எலும்புத் துண்டுகள் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் இருந்த எட்டு நட்டுகளை ஒன்றரைச் சுற்று பின்னுக்குத் திருப்பினார்.

"கொஞ்சம் தளர்வா விட்டிருக்கேன். அப்படியே இருக்கட்டும். ஆறு வாரம் நல்லா ஊன்றி நடங்க. நடுவுல ஒரு தடவை வந்து காட்டுங்க."

அப்படியே இருக்கட்டும்! இந்த வார்த்தையை நான் எத்தனை சோம்பேறி மெக்கானிக்குகளின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் தெரியுமா? கதவு உரசும், அப்படியே இருக்கட்டும் என்பார்கள். பிரேக் சத்தம் போடும், அப்படியே இருக்கட்டும் என்பார்கள். பிறகு பொதுமக்களிடம் திட்டு வாங்கப் போவது நான். அண்ணனுக்கு வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தொழில் தெரிந்தவன் எதற்குக் கேட்பது?

வீட்டுக்கு வந்து நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் கடக், கடக் என்று சத்தம். என் காலிலேயே தளர்ந்த நட்டு. உடம்பெல்லாம் கூசியது. அன்று மாலையே பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து எட்டையும் முறுக்கினேன். சத்தம் நின்றது. பழக்கம் விடுமா? அண்ணன் விட்டிருந்த இடத்தில் ஒரு புள்ளி, நான் முறுக்கிய இடத்தில் ஒரு கோடு, மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் போட்டுவைத்தேன்.

புள்ளி எதற்கு என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் காலையில் நட்டுகளை மறுபடி புள்ளிக்குத் திருப்பிவிடுவேன். அண்ணன் மனம் நோகக் கூடாதே! திரும்பி வந்ததும் கோட்டுக்கு முறுக்குவேன். ஒரு முறை அண்ணன் குனிந்து பார்த்து, "இது என்ன சிவப்பு?" என்றார்.

"வீட்டுல அழகுபடுத்தி விட்டிருக்காங்கண்ணே."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற என் மனைவி சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "மறை கழண்டது நட்டுல இல்ல, உங்க தலையில" என்றாள். அதோடு விட்டாள். நட்டு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று அவளும் இத்தனை வருடத்தில் நம்பப் பழகியிருந்தாள்.

ஆறு வாரம் வலியே இல்லாமல் நடந்தேன். எக்ஸ்ரே நன்றாக இருந்தது. ஃப்ரேமைக் கழற்றினார்கள். பத்தொன்பதாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடைபாதையில் கால் வைத்தேன். குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். நான் கேட்டேன், எனக்கு முன்னால் இறங்கியவரும் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

உடைந்தது துண்டுகள் சேர்ந்த அதே இடம். டாக்டர் அம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அவசரப்பட்டுக் கழட்டிட்டேன் போல. என் தப்பு" என்றார். நானும் பெருந்தன்மையாக, "பரவாயில்ல மேடம், எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். இப்போது நினைத்தால் அந்தப் பெருந்தன்மைக்கு என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மறுபடி ஃப்ரேம். மறுபடி ஆறு மாதம். மறுபடி அண்ணன் ஒன்றரைச் சுற்று தளர்த்தினார், நான் வீட்டுக்கு வந்து முறுக்கினேன். இந்த முறை கூடுதல் சிரத்தையோடு, ஏனென்றால் போன முறை ஒடிந்தது அவர் வேலை சுத்தமில்லாததால்தான் என்று எனக்குத் திடமான நம்பிக்கை. கழற்றிய முப்பத்து மூன்றாம் நாள், வீட்டுப் படியில் மூன்றாவது படி ஏறும்போது ஒடிந்தது.

மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். மறுநாள் ஆபரேஷன். மத்தியானம் டாக்டர் அம்மா வந்தார். முகம் வாடியிருந்தது.

"இந்தத் தடவை ஃப்ரேம் வேண்டாம். எலும்புக்கு உள்ளயே ஒரு ராடைச் செலுத்தப் போறேன்."

"நல்லதுதானே மேடம்? வெளிய ஒண்ணும் தெரியாது" என்றாள் என் மனைவி.

"தெரியாது. ஆனா அதுல ஒரு பயம் இருக்கு. இந்தக் கால்ல முன்னாடி சீழ் இருந்தது. கிருமி எங்கயாவது ஒளிஞ்சிட்டு இருந்தா, உள்ள போற ராடைப் பிடிச்சிட்டு எலும்பு முழுக்கப் பரவிடும். அப்படிப் பரவினா…" என் முட்டியில் விரலை வைத்தார். "முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம். மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. மூணுல ஒருத்தருக்கு அப்படி ஆகலாம்னு கணக்கு போட்டு வச்சுக்கோங்க."

"அப்ப எதுக்கு மேடம் அது? பழையபடி ஃப்ரேமே போட்டுடலாமே?"

"ஃப்ரேம்தான் ரெண்டு தடவை தோத்துப் போச்சே! எனக்கே புரியலம்மா. ரெண்டு தடவையும் நட்டைத் தளர்த்தி, ஆறு வாரம் எலும்பு மேல பாரத்தை ஏத்திதான் பார்த்தோம். ஃப்ரேம் சுமக்கிற வரைக்கும் எலும்பு சும்மா இருக்கும். சும்மா இருக்கிற எலும்பு கெட்டியாகாது. அதுக்குத்தான் தளர்த்துறதே. இவர் வலியில்லாம நடந்தாரு. ஆறு வாரம் பாரம் தாங்கின எலும்பு எப்படி ஒடியும்? இவர் எலும்புலயே ஏதோ குறை இருக்கணும். அதான் ராடுக்குப் போறேன்."

நான் முறுக்கிய எட்டு நட்டும் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கூரையில் மின்விசிறியைப் பார்த்தேன்.

டாக்டர் அம்மா போனதும் அவள் கதவைச் சாத்தினாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"இரு. யோசிக்க விடு."

"என்னத்த யோசிக்கணும்?"

"ஒரு வருஷம் ஆகப் போகுது. அந்தம்மா தன் தப்புன்னு சொல்லிட்டு இருக்காங்க. இப்ப போய், நான்தான் முறுக்கினேன்னு எந்த மூஞ்சிய வச்சுட்டு சொல்றது? அதுவும் வந்து காட்டுற நாள்ல மட்டும் தளர்த்தி வச்சேன்னு? ஆள வெளிய துரத்திடுவாங்க."

"துரத்தட்டும். கால் இருக்கும்போது துரத்தினா நடந்து போகலாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கூட ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். கைப்பையைத் திறந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து என் கட்டில் மேஜையில், மாத்திரைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "வகுப்புல பொய் சொன்ன புள்ளைய எழுந்து நின்னு சொல்லச் சொல்லுவேன். உங்களால நிக்க முடியாது. படுத்துக்கிட்டே சொல்லுங்க" என்றவள், போய் அவர்களை அழைத்தே வந்துவிட்டாள்.

டாக்டர் அம்மாவும் ஸ்பானர் அண்ணனும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். சொன்னேன். புள்ளி, கோடு, பத்தாம் நம்பர் ஸ்பானர், வரும் நாளின் காலை வேலை, எல்லாம். சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

டாக்டர் அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேள்வி கேட்டார்.

"எத்தனை நட்டு?"

"எட்டும்."

"எத்தனை சுத்து?"

"அண்ணன் விட்ட ஒன்றரையும். மேல ஒரு கால் சுத்து, கெட்டியா இருக்கட்டும்னு."

"ரெண்டு ஃப்ரேமும் சேர்த்து, மொத்தம் எத்தனை நாள் தளர்வா இருந்தது?"

"நாலு நாள் மேடம். இங்க வந்துட்டுப் போன நாள் மட்டும்."

"பன்னெண்டு வாரத்துல நாலு நாள்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கத்தினார். பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார். "அந்த எக்ஸ்ரேயை எத்தனை டாக்டருக்கு அனுப்பிக் கேட்டேன் தெரியுமா? எனக்குக் கை போச்சு, கண்ணு போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்! புதுசா வந்த ரெண்டு பேருக்கு ஃப்ரேம் போட மாட்டேன்னு வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்! உங்க லிஃப்டுல வந்து நான் நட்டைக் கழட்டினா சும்மா இருப்பீங்களா?"

"மாட்டேன் மேடம்."

"வாயை மூடுங்க!"

மூடினேன். அண்ணன் மட்டும் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "என் கைய நானே சந்தேகப்பட்டேன்பா. ஸ்பானர வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாமான்னு கேட்டேன் இவங்ககிட்ட" என்றார். டாக்டரின் கத்தலை விட அதுதான் என்னைச் சுட்டது. அவர் கையைப் பிடித்து மன்னிப்பு கேட்டேன். கையை உருவிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் அம்மா வாசலில் போய் நின்று மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தார். பார்த்தால் வேறு ஆள். பழைய எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்திருந்தது.

"ராடு கிடையாது. எலும்புல குறை ஒண்ணும் இல்ல, குறை எலும்புக்குச் சொந்தக்காரர்கிட்டதான். உடைஞ்ச முனையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, இடுப்பு எலும்புல கொஞ்சம் எடுத்து வச்சு, மறுபடி வளையம். சேரும். நான் சேர்த்துக் காட்டுறேன். ஆனா ஒண்ணு. தளர்த்துற நாள் வரும்போது அண்ணன் தொட மாட்டாரு. நீங்களே தளர்த்தணும்."

ஐந்தாம் மாதம் அந்த நாள் வந்தது. அண்ணன் ஸ்பானரை என் கையில் வைத்தார். வாழ்நாளில் முதல் முறையாக, சரியாக இருக்கும் நட்டை வேண்டுமென்றே தளர்த்தினேன். அரைச் சுற்று, ஒரு சுற்று, ஒன்றரை. ஒவ்வொரு நட்டுக்கும் அண்ணன் எண்ணிக்கொண்டே வந்தார். எட்டாவதைத் தளர்த்தியபோது எனக்கு வேர்த்துவிட்டது.

ஆறு வாரம் கடக் கடக் என்று நடந்தேன். முதல் வாரம் ஊன்றும்போதெல்லாம் வலித்தது. வலிக்கிறது என்று போன் செய்தால், "அப்படித்தான். எலும்பு வேலைக்குப் போக ஆரம்பிச்சிருக்கு. நடங்க" என்று வைத்துவிடுவார் டாக்டர் அம்மா. வலி குறைந்துகொண்டே வந்தது. வீட்டிலிருந்த ஸ்பானர்களையெல்லாம் மனைவி பள்ளிக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். தேவையே இல்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிடவும் தூங்கவும் பழகிவிட்டேன்.

கடைசிச் சோதனைக்குப் போனபோது எங்களுக்கெல்லாம் சந்தேகமே இல்லை. எக்ஸ்ரேயில் முன்பக்கமும் பக்கவாட்டும் எலும்பு கோடு விடாமல் ஓடியது. கம்பெனியில் ஒன்றாம் தேதி முதல் சூப்பர்வைசர் வேலை எனக்கென்று வைத்திருந்தார்கள். அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார்கள். ஃப்ரேமைக் கழற்றிய பிறகு நான் போட்டுக்கொள்ள மனைவி புதுக் கால்சட்டை கொண்டுவந்திருந்தாள். அண்ணன் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் இருந்த ராடுகளை அடியோடு கழற்றினார். இப்போது அந்த இடத்தில் என்னைத் தாங்குவது எலும்பு மட்டும்தான்.

"கதவு வரைக்கும் போயிட்டு வாங்க" என்றார் டாக்டர் அம்மா.

போனேன். திரும்பும்போது, ஐந்தாவது அடியில், காலின் பின்பக்கம் ஊசி முனை அளவுக்கு ஒரு வலி. அடுத்த அடியில் இல்லை. அதற்கடுத்த அடியில் இருந்தது. முகம் சுளிக்கும் அளவுக்குக் கூட இல்லை. நான் சொல்லாவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"பிரமாதம்! கழட்டிடலாம்" என்று டாக்டர் அம்மா கையுறையை எடுத்தார். மனைவி கால்சட்டையை உறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டாள்.

"மேடம், ஒரு இடத்துல வலிக்குது."

அறையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். "எங்க?" என்றார். விரலை வைத்துக் காட்டினேன். அவர் முழந்தாளிட்டு அந்த இடத்தை அழுத்தினார். உடனே என்னை மறுபடி எக்ஸ்ரே அறைக்கு அனுப்பி, காலைச் சாய்த்து வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். நேர்ப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் ஒளிந்திருந்தது சாய்ந்த படத்தில் தெரிந்தது. எலும்பின் பின்பக்கத்தில், சேரும் இடத்தில், முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு.

டாக்டர் அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இன்னிக்குக் கழட்டியிருந்தா…" என்று ஆரம்பித்து முடிக்காமல், என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "இன்னும் ஆறு வாரம். பின்பக்கமும் மூடிக்கும். இதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

அண்ணன் ராடுகளைத் திரும்ப மாட்டினார். முறுக்கிவிட்டு, வழக்கமான ஒன்றரைச் சுற்றைத் தளர்த்தும்போது ஸ்பானரை என்னிடம் நீட்டவில்லை. "நானே பாத்துக்கறேன், நீ சும்மா இரு" என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை.

சூப்பர்வைசர் வேலை வேறொருவனுக்குப் போனது. ஆறு வாரம் ஒன்பதாக நீண்டது. பிறகு கழற்றினார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது, கால் ஒடியவில்லை, லிஃப்ட் ரிப்பேர் என்றால் நான் படியேறித்தான் போகிறேன். ஆனால் கழற்றிய நாளை விட எனக்கு நன்றாக நினைவிருப்பது, கழற்றாமல் திரும்பிய நாள்தான். டாக்ஸியில் என் மனைவி புதுக் கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். பாதி தூரம் போனதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கால் உடைந்ததிலிருந்து அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"இந்த மாதிரி அன்னைக்கே ஒரு வார்த்தை வலிக்குதுன்னு சொல்லியிருந்தா இத்தனை கஷ்டம் உண்டா?" என்றாள்.

"அன்னைக்கு வலிக்கவே இல்லையே" என்றேன். "நான்தான் வலிக்க விடலையே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "இப்ப வலிக்குதா?"

"லேசா."

"எங்க, காட்டுங்க" என்று குனிந்தாள்.